முதல் ஆய்வு மாநாட்டுக்குப் புறப்படும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள எங்கள் சுங்கை சிப்புட் மாதிரியான ஊர்களிலிருந்து முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் போகிற பிள்ளைகள் இப்போது நிறையப் பேர். தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்டிபிஎம்மோ மெட்ரிக்குலேஷனோ முடித்து, இன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் நிற்கிறார்கள். ஆனால் ‘மாநாட்டுக்குப் போய் உன் ஆய்வைப் படைத்துவிட்டு வா’ என்று மேற்பார்வையாளர் சொன்னதும் யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள். அதற்கு முன்னால் மாநாட்டுக்குப் போன அண்ணனோ அக்காவோ பெரும்பாலும் வீட்டில் இருப்பதில்லை. இந்தக் கட்டுரை அவர்களுக்காகத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாநாடு பரீட்சை இல்லை. உங்களுக்கு மதிப்பெண் போட யாரும் அங்கே உட்கார்ந்திருப்பதில்லை. ஒரே விஷயத்தோடு மல்லுக்கட்டுகிறவர்கள் ஒன்றுகூடி, எனக்கு இது வந்தது, உனக்கு என்ன வந்தது என்று பேசிக்கொள்கிற இடம். நீங்கள் பேசத்தான் போகிறீர்கள். அதனால் சில்லறை வேலைகளை எல்லாம் ஊரிலேயே முடித்துவிட்டு, அங்கே போனபின் பேசுவதற்கும் கேட்பதற்கும் மனத்தை விடுங்கள். கீழே உள்ள எல்லாம் அதற்கான ஏற்பாடுதான்.

எந்த மாநாடு

முதல் மாநாடு உள்நாட்டில் இருந்தால் நல்லது. செலவு குறைவு, விசா கிடையாது, தெரிந்த முகம் ஒன்றிரண்டாவது இருக்கும். உங்கள் பல்கலைக்கழகமே நடத்தும் முதுகலை மாணவர் கருத்தரங்கிலிருந்து தொடங்கலாம். செம்பனை பற்றி ஆய்வு செய்கிறவர் என்றால், மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடத்தும் பிப்போக் மாநாடு இருக்கிறது. பயிர், நோய், ஆலைக்கழிவு, எண்ணெய் வேதியியல் என்று பல அரங்குகள் ஒரே நேரத்தில் நடக்கும். இந்தத் துறையில் நீங்கள் படித்த கட்டுரைகளை எழுதியவர்கள் பலரை நேரில் பார்க்கலாம்.

மேற்பார்வையாளரிடம் கேட்காமல் எந்த மாநாட்டுக்கும் பணம் கட்டாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பணம் பறிப்பதற்கென்றே மாநாடு நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். ‘பெருமதிப்பிற்குரிய ஆய்வாளரே’ என்று உங்கள் மின்னஞ்சலுக்கு அழைப்பு வரும். பொறியியல், மருத்துவம், வணிகம், கல்வி எல்லாம் ஒரே மாநாட்டில் இருக்கும். இடம் கேட்டு ஆய்வுச்சுருக்கம் அனுப்பிய மறுநாளே ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பதில் வரும், கூடவே கட்டண விவரமும் வரும். ஏற்பாட்டுக் குழுவில் இருப்பவர்கள் பெயரைத் தேடிப் பாருங்கள். உண்மையில் அந்தத் துறையில் எழுதுகிறவர்களா? உங்கள் ஆய்வுக்கூடத்திலிருந்து யாராவது முன்பு போயிருக்கிறார்களா? இரண்டுக்கும் ‘இல்லை’ என்றால் அந்த மின்னஞ்சலை அழித்துவிடலாம்.

ஆய்வுச்சுருக்கம்

பெரும்பாலும் 250 முதல் 300 சொல்லுக்குள் கேட்பார்கள். ஏன் செய்தேன், எப்படிச் செய்தேன், என்ன கிடைத்தது, அதனால் என்ன? இந்த நான்குக்கும் பதில் இருந்தால் போதும். மாணவர்களில் பலர் முன்னுரைக்கே பாதிச் சொல்லைச் செலவழித்துவிட்டு, முடிவைக் கடைசி வரியில் ‘விவாதிக்கப்படும்’ என்று விட்டுவிடுகிறார்கள். கையில் உள்ள எண்ணைப் போடுங்கள். சிறிய எண்ணாக இருந்தாலும் பரவாயில்லை.

எழுதி முடித்ததும் ஒரு வேலை செய்யுங்கள். அதையே வீட்டில் அம்மாவிடம் தமிழில் சொல்லிப் பாருங்கள். கெனோடெர்மா நோய்தான் உங்கள் ஆய்வு என்று வைத்துக்கொள்வோம். ‘செம்பனை மரத்தின் அடியில் காளான் மாதிரி ஒன்று வருமே, வந்தால் மரம் சாய்ந்துவிடுமே, அந்தக் காளான் வெளியே தெரியும்போது உள்ளே தண்டு ஏற்கெனவே அழுகியிருக்கும்மா. அதற்கு முன்னாலேயே கண்டுபிடிக்க வழி தேடுகிறேன்.’ தோட்டத்தில் உரம் போட்ட, பழம் பொறுக்கிய அம்மாவுக்கு இது உடனே விளங்கும். ‘ஒரு மரத்தில் வந்தால் பக்கத்து மரத்துக்கும் வருமே, அது எப்படி?’ என்று திருப்பிக் கேட்பார். மண்ணுக்குள் வேரோடு வேர் தொட்டுப் பரவுவது பற்றி ஆய்வாளர்கள் விவாதிக்கிற அதே கேள்வி அது. மாநாட்டில் யாராவது ‘உங்கள் ஆய்வு எதைப் பற்றி?’ என்று கேட்டால், அம்மாவிடம் சொன்ன அந்த மூன்று வரியை ஆங்கிலத்தில் சொல்லுங்கள்.

அனுப்பும் முன் கட்டுரையில் பெயர் உள்ள எல்லாரும் ஒருமுறை பார்த்துச் சரி சொல்ல வேண்டும். கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை எடுக்கும் எண்ணம் ஆய்வுக்கூடத்தில் இருந்தால் அதையும் முன்கூட்டியே கேளுங்கள். பல நாடுகளில், பொதுவில் காட்டிவிட்ட பிறகு காப்புரிமை கேட்பது சிக்கலாகிவிடும்.

பெயரை எப்படி எழுதுவது

இது சிறிய விஷயம் மாதிரி தெரியும், ஆனால் நம்மவர்களுக்கு இதில்தான் தொல்லை அதிகம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயர், நடுவில் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். வெளிநாட்டு மாநாட்டின் பதிவுப் படிவமோ ‘முதற்பெயர்’, ‘கடைசிப் பெயர்’ என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும். கட்டாயமாக இரண்டையும் நிரப்பச் சொல்லும். அவசரத்தில் அப்பா பெயரைக் கடைசிப் பெயராகப் போட்டுவிட்டால், கழுத்தில் மாட்டும் அட்டையில் அப்பா பெயர்தான் பெரிதாக வரும். மூன்று நாளும் எல்லாரும் உங்களை அப்பா பெயரால் கூப்பிடுவார்கள். நாளைக்கு உங்கள் கட்டுரையை மேற்கோள் காட்டுகிறவரும் அப்பா பெயரில்தான் காட்டுவார்.

ஆகவே முதல் ஆய்வுச்சுருக்கம் அனுப்புவதற்கு முன்பே உட்கார்ந்து தீர்மானியுங்கள். சிலர் அப்பா பெயரைக் கடைசிப் பெயராக ஏற்றுக்கொள்கிறார்கள். சிலர் அப்பா பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு, தன் பெயரைக் கடைசிப் பெயராக வைக்கிறார்கள். எனக்கு இரண்டாவது வழி பிடிக்கும், ஏனென்றால் நம் ஊரில் காலங்காலமாகப் பெயர் எழுதிய முறை அதுதான். எதை எடுத்தாலும் சரி, எடுத்ததை மாற்றாதீர்கள். ஒரு மாநாட்டில் ஒரு மாதிரி, இன்னொரு கட்டுரையில் வேறு மாதிரி என்று போனால் உங்கள் ஆய்வுகள் இரண்டு ஆள் எழுதியதுபோல் பிரிந்து கிடக்கும். இதற்கென்றே ஓர்சிட் என்ற இலவச அடையாள எண் இருக்கிறது, 16 இலக்கம். இணையத்தில் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம். பெயர் எப்படி எழுதப்பட்டாலும் அந்த எண் ஆளைக் காட்டிவிடும்.

விமானச் சீட்டு வேறு கதை. அங்கே கடப்பிதழில் உள்ள பெயர் அப்படியே இருக்க வேண்டும். ஏ/எல், ஏ/பி நடுவில் வரும் சாய்கோட்டைப் பல விமான நிறுவனங்களின் படிவம் ஏற்காது, அந்தக் கோட்டை மட்டும் எடுத்துவிட்டு எழுத்துகளைச் சேர்த்து எழுதச் சொல்வார்கள். சீட்டு எடுக்கும் முன் அந்த நிறுவனத்தின் விளக்கத்தைப் படித்துவிடுங்கள். கடப்பிதழ் ஐந்து ஆண்டுக்கானது, பெரியவர்களுக்கு 200 வெள்ளி. பயண நாளிலிருந்து ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும் என்று பல நாடுகள் கேட்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விசா தேவைப்படும் நாடு என்றால் ஏற்பாட்டாளர்களிடம் அழைப்புக் கடிதம் கேளுங்கள். கேட்டால்தான் கொடுப்பார்கள்.

பணம்

கூச்சப்படாமல் பேச வேண்டிய விஷயம் இது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் முதலில் உங்கள் கைக்காசைப் போட்டுவிட்டுப் பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளும் முறைதான். பதிவுக் கட்டணம், பயணம், தங்கும் விடுதி எல்லாம் சேர்ந்தால் நம் வீடுகளில் அது பெரிய தொகை. அப்பா கடன் வாங்கிக் கொடுக்கும் நிலைமை வரக்கூடாது. அதனால் ஆய்வுச்சுருக்கம் அனுப்புகிற நாளிலேயே மேற்பார்வையாளரிடம், ‘இதற்கு நிதி இருக்கிறதா, முன்பணம் எடுக்க முடியுமா?’ என்று நேராகக் கேளுங்கள். சில ஆய்வுநிதிகளிலிருந்து கட்டணத்தைப் பல்கலைக்கழகமே நேரடியாகக் கட்டிவிட முடியும். கேட்கிற மாணவருக்குத்தான் அது தெரியவரும்.

வேறு வழிகளும் உண்டு. முன்கூட்டியே பதிந்தால் கட்டணம் குறைவு, மாணவர் கட்டணம் அதைவிடக் குறைவு. மாணவர்களுக்குப் பயண உதவித்தொகை கொடுக்கும் மாநாடுகள் உண்டு. அதற்கான கடைசி நாள் பெரும்பாலும் ஆய்வுச்சுருக்கக் கடைசி நாளை ஒட்டியே வரும், பலர் அதைத் தவறவிடுகிறார்கள். உள்ளூர் மாநாடு என்றால் தொண்டராக வேலை செய்ய முன்வாருங்கள். பதிவு மேசையில் உட்கார்ந்து அட்டை கொடுக்கிற மாணவர்களுக்குச் சில இடங்களில் கட்டணம் கிடையாது. அந்த மேசைக்கு எல்லாரும் வந்தாக வேண்டும், ஆக முதல் நாளே எல்லாரையும் பார்த்துவிடலாம்.

சுவரொட்டியும் பேச்சும்

முதல்முறை பெரும்பாலும் சுவரொட்டிதான் கிடைக்கும், அதாவது ஆய்வைப் பெரிய தாளில் அச்சடித்துப் பலகையில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று விளக்குவது. ‘பேச இடம் கொடுக்கவில்லையே’ என்று வருந்த வேண்டாம். பேச்சு என்றால் பன்னிரண்டு நிமிடம் பேசி மூன்று நிமிடம் பதில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவீர்கள். சுவரொட்டிக்கு முன்னால் ஒரு மணி நேரம் நின்று, ஆர்வமாக வருகிற ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பேசலாம். எனக்குக் கேட்டால் புதியவருக்குச் சுவரொட்டியே மேல்.

அளவை விதிமுறையில் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். ஏ0 என்றால் 841க்கு 1189 மில்லிமீட்டர், ஏ1 அதில் பாதி. நெட்டையாகவா அகலமாகவா என்பதும் முக்கியம். பலகை நெட்டையாக இருந்து, உங்கள் தாள் அகலமாக இருந்தால் பாதி வெளியே தொங்கும். தலைப்பு நாலைந்து அடி தள்ளி நிற்பவருக்கும் படிக்க வர வேண்டும். எழுத்தைக் குறைத்துப் படத்தைக் கூட்டுங்கள். முடிவை அடியில் ஒளித்து வைக்காமல் மேலேயே போடுங்கள், நடந்துபோகிறவர் நிற்பதா வேண்டாமா என்று அதைப் பார்த்துத்தான் தீர்மானிப்பார். ஈப்போவில் அச்சடிக்கக் கொடுத்தால் பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள், இல்லாவிட்டால் எழுத்துரு மாறிவிடும். விமானத்தில் போகிறவர்கள் துணியில் அச்சடித்தால் சட்டையோடு மடித்துப் பையில் வைத்துவிடலாம், குழாய் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம்.

பேச்சு கிடைத்தால் நேரத்துக்குள் முடிப்பதே முதல் மரியாதை. கைத்தொலைபேசியில் நேரம் வைத்து, சத்தமாக, நின்றுகொண்டு பேசிப் பழகுங்கள். மனத்துக்குள் சொல்லிப் பார்ப்பது கணக்கில் சேராது. கோப்பை விரலியில் (பென் டிரைவ்) ஒன்றும் மின்னஞ்சலில் ஒன்றுமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கவலைப்படுகிற பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அரங்கில் ஜப்பானியர் ஒருவிதமாகப் பேசுவார், பிரேசில்காரர் ஒருவிதமாகப் பேசுவார். மெதுவாக, தெளிவாகப் பேசினால் போதும். கேள்வி புரியவில்லையா? ‘நீங்கள் கேட்பது இதைத்தானா?’ என்று உங்கள் சொல்லில் திருப்பிக் கேளுங்கள். பதில் தெரியவில்லையா? ‘அந்தக் கோணத்தில் நாங்கள் இன்னும் பார்க்கவில்லை, பிறகு உங்களோடு பேசலாமா?’ என்று சொல்லுங்கள். அதைவிட நல்ல பதில் அந்த இடத்தில் கிடையாது.

பயணம், வீட்டுக்குச் சொல்வது

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலாலம்பூருக்கு இடிஎஸ் ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். காலை ரயிலைப் பிடித்து அன்றே போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். பதிவு காலையிலேயே தொடங்கிவிடும். முதல் நாள் மாலையே போய்த் தங்கி, நன்றாகத் தூங்கி, பசியாறிவிட்டுப் போங்கள். பள்ளி விடுமுறை, பெருநாள் சமயமென்றால் ரயில் சீட்டு சீக்கிரம் முடிந்துவிடும். மாநாடு கேஎல்சிசி மாநாட்டு மையத்தில் என்றால், கே.எல். சென்ட்ரலில் இறங்கி கிளானா ஜெயா தடத்து எல்ஆர்டி எடுத்தால் கேஎல்சிசி நிலையத்திலேயே இறங்கலாம். அங்கிருந்து மையத்துக்கு நடந்துவிடலாம்.

பெண்பிள்ளை தனியாகப் போகிறாள் என்றால் அப்பாவுக்குக் கவலை இருக்கத்தான் செய்யும். கோபப்படாமல், தங்கும் விடுதியின் முகவரி, கூட வரும் தோழியின் எண், நிகழ்ச்சி நிரல் மூன்றையும் புலனத்தில் (வாட்ஸ்அப்) அனுப்பிவிடுங்கள். பல வீடுகளில் அதுவே போதுமாக இருக்கிறது. அறையை இன்னொரு மாணவியோடு பகிர்ந்தால் செலவும் பாதி, வீட்டுக்கும் நிம்மதி.

உடைக்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். நீளக்கை பாத்தேக் சட்டை நம் நாட்டில் எந்த மேடைக்கும் பொருந்தும். பெண்களுக்குச் சுடிதார், எளிய புடவை, பாஜு கூரோங் எதுவும் சரி. நடந்து பழகிய காலணி வேண்டும், புதுக் காலணி வேண்டாம். மேலே போட்டுக்கொள்ள ஒரு கோட்டோ ஸ்வெட்டரோ கட்டாயம், குளிர்சாதனத்தில் நாள் முழுக்க உட்கார முடியாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவுப் படிவத்திலேயே எழுதிவிட வேண்டும். அங்கே போய்ச் சொன்னால் வெறும் சோறும் காய்கறியும்தான் மிஞ்சும்.

அங்கே போனபின்

நிகழ்ச்சி நிரலை முதல் நாள் இரவே படித்து, கேட்க வேண்டிய பேச்சுகளையும் பார்க்க வேண்டிய ஆட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா அரங்குக்கும் ஓட வேண்டாம், மதியத்துக்குள் மண்டை களைத்துவிடும். நாலைந்து பேரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு ஒரு வாரம் முன்பே சிறிய மின்னஞ்சல் போடலாம்: ‘உங்கள் கட்டுரையைப் படித்தேன், மாநாட்டுக்கு வருகிறேன், முடிந்தால் என் சுவரொட்டியைப் பாருங்கள்.’ பதில் வராவிட்டாலும் நேரில் பார்க்கும்போது பேச்சைத் தொடங்க அது உதவும். வெள்ளிக்கிழமை என்றால் தொழுகைக்காக மதிய இடைவேளை நீளமாக இருக்கும். யாரோடாவது நிதானமாக உட்கார்ந்து பேச அது நல்ல நேரம்.

இப்போது நான் மிகவும் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். தோட்டத்தில் கிராணி (எழுத்தர்) முன்னாலும் மானேஜர் முன்னாலும் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. அன்றைக்கு அது பிழைக்கிற வழி. அந்த அடக்கம் பிள்ளைகளிடமும் தங்கிவிட்டது. எவ்வளவு நன்றாகப் படித்தாலும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்கிறார்கள், பேராசிரியர் எதிரே வந்தால் ஒதுங்கி வழிவிடுகிறார்கள். மாநாட்டில் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பேசியவரின் வேலையைக் கவனித்துக் கேட்டீர்கள் என்பதற்கு அடையாளம் அது. முன் வரிசைகளில் உட்காருங்கள். முதல் நாளில் ஒரே ஒரு கேள்வியாவது கேட்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒலிவாங்கியைப் பிடிக்கத் தயக்கமாக இருந்தால், பேச்சு முடிந்ததும் மேடை ஓரமாகப் போய்க் கேளுங்கள், அதுவும் கேள்விதான்.

தேநீர் நேரத்தில் தனியாக நிற்கிறவர்கள் பலர் இருப்பார்கள். அவர்களும் உங்களைப் போல் யாராவது வந்து பேச மாட்டார்களா என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் போய், ‘நான் இந்தப் பல்கலைக்கழகம், இந்த ஆய்வு, நீங்கள்?’ என்று தொடங்கினால் போதும். நம் ஊர்க்காரர்கள் மட்டும் ஒரு மேசையில் சேர்ந்துகொள்வது சுகமாக இருக்கும். ஒரு வேளைச் சாப்பாட்டை அப்படி வைத்துக்கொள்ளுங்கள், மற்ற வேளைகளில் வேறு மேசைக்குப் போங்கள். டத்தோ, டான்ஶ்ரீ பட்டம் உள்ளவர்களைப் பட்டத்தோடு கூப்பிடுங்கள். வெளிநாட்டுப் பேராசிரியரைப் பேராசிரியர் என்றே தொடங்குங்கள், பெயரைச் சொல் என்று அவரே சொன்னால் சொல்லலாம். முஸ்லிம் பெண்களிடம் நீங்களாகக் கை நீட்ட வேண்டாம், நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்தால் போதும்.

எந்த ஊர் என்று கேட்டால் ‘ஈப்போ பக்கம்’ என்று மழுப்பாதீர்கள். சுங்கை சிப்புட் என்று சொல்லுங்கள். எங்கே அது என்பார்கள். பக்கத்துக் கோலகங்சாரில், 1877இல் இந்த நாட்டுக்கு வந்த முதல் பால்மர (ரப்பர்) கன்றுகளின் காலத்து மரம் ஒன்று இன்னும் நிற்கிறது என்று சொல்லுங்கள். பிரேசிலிலிருந்து விதையாகக் கிளம்பி, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கப்பலேறி வந்த மரம் அது. தாத்தாவும் பாட்டியும் பால்வெட்டியவர்கள் என்பதையும் சொல்லலாம். தாவரவியல், ரப்பர், செம்பனை பேசுகிற கூட்டத்தில் அது கேட்கத்தக்க செய்தி. தோட்டத்தை உள்ளிருந்து பார்த்தவர்கள் அந்த அரங்கில் அதிகம் இருக்க மாட்டார்கள்.

யாராவது உங்களைச் சங்கடப்படுத்தும்படி பேசினாலோ நடந்துகொண்டாலோ, அவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும், அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். ஏற்பாட்டாளரிடமும் மேற்பார்வையாளரிடமும் சொல்லுங்கள். அப்படிப்பட்டவரிடமிருந்து கிடைக்கும் எந்த வாய்ப்பும் உங்களுக்குத் தேவையில்லை. வெளிநாட்டு விருந்துகளில் மது இருக்கும், வேண்டாம் என்று சொல்லி ஆரஞ்சுச் சாறு எடுத்துக்கொண்டால் யாரும் காரணம் கேட்பதில்லை.

திரும்பியபின்

அன்றன்று இரவே, யாரைப் பார்த்தேன், என்ன சொன்னார், நான் என்ன அனுப்புவதாகச் சொன்னேன் என்று குறித்து வைத்துவிடுங்கள். நாள் கடந்தால் முகங்கள் குழம்பிவிடும். ஒரு வாரத்துக்குள் மின்னஞ்சல் அனுப்புங்கள். கட்டுரை தருகிறேன் என்றிருந்தால் இணைத்து அனுப்புங்கள், இல்லாவிட்டால் பேசிய விஷயத்தை ஒரு வரியில் நினைவூட்டினால் போதும். கேட்டதில் உங்கள் ஆய்வை மாற்றக்கூடியது எது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி மேற்பார்வையாளரிடம் கொடுங்கள். அடுத்த மாநாட்டுக்கு நிதி கேட்கும்போது அந்த ஒரு பக்கம் உங்களுக்காகப் பேசும்.

அப்புறம் ரசீதுகள். பதிவுக் கட்டணம், விடுதி, ரயில், கிராப், விமானமென்றால் ஏறும் அட்டை, பங்கேற்புச் சான்றிதழ் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். வெப்பத்தாளில் அச்சான ரசீதுகள் சீக்கிரம் மங்கிவிடும், வாங்கிய அன்றே படம் எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பிய முதல் வேலைநாளிலேயே நிதிப் பிரிவில் படிவத்தைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு ஒரு கையெழுத்தும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.